ஆறு நிமிஷ வந்தனம்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்து மூன்று. குரு பகலெல்லாம் ஆட்டோ ஓட்டுவாள். சவாரி இல்லாத நேரத்தில் சீடர் பின்சீட்டில், மடியில் உடுக்கையோடு உட்கார்ந்திருப்பார். கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், மெட்ராஸில் இதைவிடப் பெரிய வேடிக்கையெல்லாம் தினம் நடக்கிறது.

சீடர் பெயர் கொம்பையா. கயத்தாறுப் பக்கம் ஒரு சின்ன ஊர். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சுற்றுவட்டாரத்தில் அம்மன் கோயில் கொடைவிழா என்றால் அவர்தான் பாட்டு. சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுக் கட்டி, உடுக்கையைத் தட்டிக்கொண்டு நின்றாரானால் பொங்கல் வைக்கிற பெண்கள் அகப்பையோடு வந்து நின்றுவிடுவார்கள். 'இம்புட்டுப் பாட்டையும் வச்சுக்கிட்டு விசில் ஊதிக்கிட்டுத் திரியுதீரே, மெட்ராசுக்குப் போம்வே' என்று ஊரே உசுப்பேற்றியது. உசுப்பேறி வந்து எட்டு மாதம் ஆகிறது.

குருவின் பெயர் டில்லிராணி. வியாசர்பாடிக்காரி. அவளும் பாட்டுக்காரிதான். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கானா பாடுவாள். வந்த முதல் மாதத்திலேயே ஒரு கல்யாண ஊர்வலத்தில் கொம்பையா அவள் பாட்டைக் கேட்டார். கேட்டவர் நடுரோட்டில் அவள் காலில் விழுந்துவிட்டார்.

"என்னைச் சிஷ்யனா ஏத்துக்கிடணும், ஆசானே."

"லூசாண்ணா நீ? எயுந்திரு, பின்னாடி பஸ் வருது."

எழுந்தார். ஆசானை மட்டும் விடவில்லை. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டார்.

அன்று புதன்கிழமை. கொம்பையா ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓட்டமாக ஓடி வந்தார். ஒரு செருப்பு வழியிலேயே எங்கோ கழன்றுவிட்டது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ஆசானே! கூப்பிட்டுட்டாங்க ஆசானே!"

"யாரு, போலீஸா?"

"மேடைக்கு! பெரிய மேடைக்கு!"

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரம்பூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் மக்கள் பாட்டுத் திருவிழா. இருபது பேர் பாடுகிறார்கள். ஆளுக்கு ஆறு நிமிஷம். அதில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் ஊர் ஊராக மேடை கொடுப்பார்கள், பத்துப் பாட்டுக்கு ஆல்பமும் போடுவார்கள். அந்த இருபதில் கொம்பையாவும் ஒருத்தர்.

"வீட்லயும் சொல்லிட்டேன்," என்றார் கொம்பையா. "மூணுல ஒருத்தனா வந்தா இங்கனயே இருக்கேன், இல்லன்னா அன்னிக்கே ரயில் ஏறிடுதேன்னு. டிக்கெட்டும் எடுத்தாச்சு. மினி பஸ் மொதலாளி திங்கக்கிழம வரைக்கும்தான் எனக்கு எடம் வச்சிருப்பாராம். அதுக்கு மேல வேற ஆளு."

"அண்ணி இன்னா சொல்ச்சு?"

"'ஜெயிச்சு இருங்க, இல்ல தோத்து வாங்க. ரெண்டுங்கெட்டானா மட்டும் இருக்காதிய'ன்னுட்டா."

"அண்ணிதான் கரெக்டு. சரி, இன்னா பாட்டு?"

அதற்காகத்தானே காத்திருந்தார்! ஆட்டோ ஸ்டாண்டிலேயே நின்று, உடுக்கையை எடுத்து, எட்டு மாதமாகச் செதுக்கி வைத்திருந்த கண்மாய்ப் பாட்டைப் பாடினார். கரிசல் மண்ணும், வற்றிய கண்மாயும், அதில் முதல் மழைக்குக் கத்துகிற தவளையும் அப்படியே வந்து நின்றன. டில்லிராணி கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

"நல்லா கீதுண்ணா."

கொம்பையாவின் முகம் விழுந்துவிட்டது.

"இதத்தான் ஆசானே எல்லாரும் சொல்லுதாங்க. எட்டு மாசமாச் சொல்லுதாங்க. 'மண்வாசனை சூப்பர்ணே'ங்காங்க. கையத் தட்டுதாங்க. நான் மேடைய விட்டு எறங்குறதுக்குள்ள என் பேரு மறந்துபோவுது. இந்த ஊரு எனக்குக் காது குடுக்கணும்னா நான் என்னதான் செய்யணும்?"

அந்த நேரம் பார்த்து டில்லிராணியின் போன் அடித்தது. பேசினாள், வைத்தாள்.

"ஏறுண்ணா. புளியந்தோப்புல ஒரு சாவு."

"நான் கேட்டதுக்குப் பதிலு?"

"மீட்டர் ஓடுது. வாய மூடினு வா."

செத்துப்போனவர் ஏகாம்பரம் என்று ஒருவர். லோடுமேன். கேரம் ஆட்டத்தில் அந்தப் பேட்டைக்கே ராஜா. தெருவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சனம் கூடிவிட்டது. பாட்டுக்காரி வந்துவிட்டாள் என்று நாற்காலிகளைத் தள்ளி இடம் விட்டார்கள்.

டில்லிராணி பாடவில்லை. நேராக உள்ளே போய் ஏகாம்பரத்தின் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா காலீல எயுந்தா மொதல்ல இன்னாம்மா பண்ணும்?"

"போர்டு தொடைக்கும். டீகூட அப்பால்தான்."

"யார்கூட ஆடுனா ரொம்பப் புடிக்கும்?"

"என்கூடத்தான். நான் தோக்கணும்னே ஆடுவேன், அதுக்குத் தெரியும். தெரியாத மாறியே ஆடும்."

கேள்விமேல் கேள்வி. எந்தக் கடையில் பவுடர் வாங்குவார், யாரோடு பேசமாட்டார், எந்த விரலால் சுண்டுவார். அரைமணி நேரம் ஆனது. வாசலில் நின்ற கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. 'இதென்னடா கூத்து, பாட வந்த இடத்தில் பாடாமல் பொரணி பேசிக்கொண்டிருக்கிறாளே' என்று முணுமுணுத்தார்.

பிறகு டில்லிராணி வெளியே வந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டாள். அதன் முதுகில் தாளம் தட்டிக்கொண்டு பாடினாள்.

*ரெட்டப் போட்டுப் போயிட்டியே மாமா மாமா – இனி*
*ஃபாலோ போட ஆளு யாரு மாமா மாமா?*
*பவுடர் போட்ட போர்டு கீது, கையக் காணோம்*
*தோத்துத் தோத்து ஆடுனவ கண்ணுல தூக்கம் காணோம்...*

கேரமில் சிவப்புக் காயைப் போட்டவர் அடுத்த அடியில் இன்னொரு காயையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. அந்தத் தெருவில் அது தெரியாத குழந்தை கிடையாது. இரண்டாவது வரியிலேயே பத்து ஆண்பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாலாவது வரியில் அந்தம்மா ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த கையோடு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், பாருங்கள், கொம்பையா உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் அழுதார்.

திரும்பும்போது ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினாள்.

"உங்க ஊர் பக்கம் கொடைக்குப் பாடப் போனா மொதல்ல இன்னாண்ணா பண்ணுவ?"

கொம்பையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஊர்ப் பேச்சை எடுத்தால் அவரை நிறுத்த முடியாது.

"மொதல்ல பஸ்ஸ விட்டு எறங்கி டீக்கடையில உக்காருவேன். இந்த ஊரு அம்மன் பேரு என்ன, கொளத்துப் பேரு என்ன, கெணறு வெட்டுனது யாரு, எந்த ரெண்டு குடும்பத்த ஒரே வரியில சொல்லக்கூடாது, எல்லாத்தையும் கேட்டுக்கிடுவேன். அப்புறம் மேடையேறி அந்தப் பேரையெல்லாம் சொல்லி வந்தனம் பாடுவேன். அதுக்கு அப்புறந்தான் பாட்டு."

"வந்தனத்துல ஒரு பேரு உட்டுப்போனா?"

"ஏ யப்பா! கூட்டத்துல எவனாவது எந்திரிச்சு 'எங்க தெரு பேரு எங்கல?'ன்னு ஒரு பேரச் சொல்லிட்டான்னா, அதையும் சேத்துப் பாடிட்டுத்தான் பாட்டுக்குள்ள போகணும். சேக்காமப் போனா அந்தத் தெருவையே அவமானப்படுத்துன மாதிரி. கல்லு வந்து விழும்."

"ஓ." டில்லிராணி டீயை ஆற்றினாள். "மெட்ராஸ்ல எந்த டீக்கடைல குந்தி இன்னா கேட்ட?"

வாய்க்குக் கொண்டுபோன கிளாஸ் அப்படியே நின்றது.

எட்டு மாதத்தில் ஏறிய மேடையிலெல்லாம் கொம்பையா சொந்த ஊர் அம்மனைத்தான் கும்பிட்டிருந்தார், சொந்த ஊர்க் கண்மாயைத்தான் பாடியிருந்தார். 'கிராமத்து மணம் வேண்டும்' என்று கேட்டார்கள், கொடுத்தார். அவ்வளவுதான்.

"அட கூறுகெட்டவனே!" என்று தன் தலையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "பக்கத்து ஊர்க் கொடையில போயி எங்க ஊர் அம்மனப் பாடினா வெளக்குமாத்தால அடிப்பாங்க ஆசானே!"

"டீ ஆறுது, குடி."

அன்றைக்குப் பிடித்த ஓட்டம்தான். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் கொம்பையா கால் தரையில் பாவவில்லை. சவாரி இருந்தால் சவாரியோடு, இல்லாவிட்டால் காலி வண்டியில், டில்லிராணி அவரைத் தெருத்தெருவாக இறக்கிவிட்டாள். அவர் டீக்கடையில் உட்கார்ந்தார், கேட்டார். அடிபம்பு வரிசையில் நின்றார், கேட்டார். ரயில்வே கேட் மூடியிருந்தபோது காத்து நின்ற பைக் ஓட்டிகளிடம் கேட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, ஊர் அள்ளிக் கொடுத்தது. படவேட்டம்மன் ஒரு தெருவில், கங்கையம்மன் அடுத்த தெருவில், நாகாத்தம்மன் முட்டுச்சந்தில். தண்ணி லாரி வருகிற நேரம் ஒரு பேட்டைக்கே முகூர்த்த நேரம். எந்த இரண்டு கேரம் கிளப்பை ஒரே வரியில் சொல்லக்கூடாது என்பதுகூடத் தெரிந்துவிட்டது.

"இந்த பம்புக்குப் பேரு இன்னா தெரிமா?" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி. "மாமியாரு."

"ஏம்மா?"

"ஒம்போது தபா குனிஞ்சி கும்பிட்டாதான் ஒரு கொடம் குடுக்கும்."

கொம்பையா நடுத்தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார். சனிக்கிழமை சாயங்காலம் நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது. வந்தனத்துக்கு ஒரு நிமிஷம், கண்மாய்ப் பாட்டுக்கு ஐந்து நிமிஷம் என்று கணித்து, ஆட்டோ ஸ்டாண்டில் நாலு தடவை பாடிப் பார்த்துக்கொண்டார். சரியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நெரிசலில் திணறியது. வடசென்னை மொத்தமும் கிளம்பி வந்தது போலிருந்தது. ஊருக்குப் போகிற பையை ஆட்டோவில் வைத்துவிட்டுக் கொம்பையா மேடைக்குப் பின்னால் போனார். நடத்துகிற பெண், கையில் பட்டியலோடு, அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, ஆறு நிமிஷம். மணி அடிச்சா மைக்க நிறுத்திடுவோம். வணக்கம் கிணக்கம் எல்லாம் வேணாம், நேரா பாட்டுக்குப் போயிடுங்க."

"ஒரு நிமிஷந்தாம்மா," என்று சொல்லிவிட்டு மேடையேறினார்.

உடுக்கை ஒரு சுற்று பேசியது. கூட்டம் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்தது. கொம்பையா குரலை எடுத்தார்.

*கும்புடுதேன் கும்புடுதேன், மூடிக்கெடக்கும் ரயில்கேட்டே*
*நீ தொறக்கக் காத்திருந்து தாடி வளத்தான் மாப்பிள்ள!*
*கும்புடுதேன் கும்புடுதேன், மாமியாரு அடிபம்பே*
*ஒத்தக் கொடம் தண்ணிக்கு ஒம்பது தரம் வணங்க வச்ச!*

பாப்கார்ன் பொட்டலங்கள் கீழே இறங்கின. அடுத்த விநாடி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கூச்சல் இருக்கிறதே, அடேயப்பா! "எங்க பம்புடி! எங்க பம்பு!" என்று ஒருத்தி நாற்காலிமேல் ஏறிவிட்டாள்.

கொம்பையாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. படவேட்டம்மனைக் கும்பிட்டார், கங்கையம்மனைக் கும்பிட்டார், தண்ணி லாரியைக் கும்பிட்டார், மூணு சக்கர மீன்பாடி வண்டியைக் கும்பிட்டார். ஒரு நிமிஷம் ஆகப்போகிறது. கண்மாய்ப் பாட்டை எடுக்க வாயைத் திறந்தார்.

"யோவ், எங்க சுண்ணாம்புக் கால்வா தெரு எங்கய்யா?"

இடது பக்கத்திலிருந்து ஒரு குரல். கொம்பையாவின் வாய் தானாக மூடிக்கொண்டது. கேட்டுவிட்டார்களே! இனி சேர்க்காமல் எப்படிப் பாட்டுக்குள் போவது? சுண்ணாம்புக் கால்வாய்த் தெருவைக் கும்பிட்டார்.

"ஐஸ் கம்பெனி சந்து!"

கும்பிட்டார்.

"ஹவுசிங் போர்டு, எட்டாவது பிளாக்!"

கும்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் அந்தந்த இடத்திலேயே வரி பிறந்தது. எட்டாவது பிளாக்கின் உடைந்த படிக்கட்டைப் பாடினார், ஐஸ் கம்பெனி வாசலில் பனிக்கட்டி பொறுக்குகிற பூனையைப் பாடினார். பேர் விழ விழ வரி விழுந்தது, வரி விழ விழப் பேர் கூடியது. ஊர்க் கொடையில் இருபது பெயரைச் சொன்னால் தீர்ந்துவிடும். இது தீருகிற ஊரா? கூட்டம் எழுந்து நின்று ஆடியது. கொம்பையா வேர்த்து வழிய, சிரித்துக்கொண்டே, கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மணி அடித்தது. மைக் நின்றது.

கண்மாய்ப் பாட்டில் ஒரு வரிகூடப் பாடவில்லை என்பது மேடையை விட்டு இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

முக்கால் மணி நேரத்தில் மூன்று பேரின் பெயரை அறிவித்தார்கள். கொம்பையா அதில் இல்லை. நடத்துகிற பெண் அவரைத் தேடி வந்தாள். அவள் முகமும் வாடித்தான் இருந்தது.

"எல்லாரும் ஆடினாங்கண்ணே. நானும்தான் ஆடினேன். ஆனா நீங்க பாட்டையே பாடலையே! நடுவருங்க எதுக்கு மார்க் போடுவாங்க?"

நியாயம்தான். கொம்பையா மைதானத்து வாசலில் நின்றிருந்த ஆட்டோவுக்கு வந்தார். தன் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எட்டு மாதம், ஒரே ஒரு வாய்ப்பு, அதையும் தானே கெடுத்துக்கொண்டோமே என்று வெட்கத்தை விட்டு அழுதார்.

"எழும்பூர்ல விட்டுரு ஆசானே. ரயிலுக்கு நேரமாச்சு."

டில்லிராணி முன்சீட்டில் ஏறினாள். சாவியைப் போடுவதற்குள் வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் வந்து நின்றான். காக்கிச் சட்டை, ஆறடி உயரம். தண்ணி லாரி டிரைவர் என்று பார்த்தாலே தெரிந்தது. முகம் கோபத்தில் ஜிவுஜிவு என்றிருந்தது.

"யோவ், பாட்டுக்காரு! எறங்குய்யா கீய!"

கொம்பையா பதறி இறங்கினார்.

"எங்க தெரு உனக்கு இன்னா பாவம்யா பண்ணுச்சு? ஆறு தபா கத்துனேன். தொண்ட கட்டிக்கிச்சி. பக்கத்துத் தெருவப் பாடுன. எதிர்த் தெருவப் பாடுன. முட்டுச்சந்தக்கூடப் பாடுன. எங்க பலராமன் தெருவ மட்டும் உட்டுட்ட! நாளைக்கு அவனுங்க மூஞ்சில நாங்க எப்டி முயிக்கிறது?"

"காதுல விழலய்யா," கொம்பையா கைகூப்பினார். "சத்தியமா விழல. தப்புத்தான்."

"அத என்னாண்ட சொல்லாத. தெருவே வாசல்ல குந்திகினு கீது. எங்க பொம்பளைங்க எல்லாம் கேக்குறாங்க. அங்க வந்து சொல்லு."

சொல்லிவிட்டு அவன் இடத்தை விட்டு நகரவில்லை. கொம்பையா அவனைப் பார்த்தார். பையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது கிளம்பினால் ரயிலைப் பிடிக்கலாம். ரயிலைப் பிடித்தால்தான் திங்கட்கிழமை மினி பஸ்ஸில் ஏற முடியும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசியில் குருவைப் பார்த்தார்.

"ஆசானே, வண்டி போயிருமே. இப்ப நான் என்ன செய்ய?"

டில்லிராணி ஆட்டோவைக் கிளப்பினாள்.

"ரயிலு தெனம் போவுதுண்ணா. எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் இந்த ஊர்ல ஒருத்தன் உன்மேல கோச்சிக்கினு வந்து நிக்கிறான். ஏறு."